சிட்டு இன்றைக்கும் பறந்தது

"தம்பி, மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ளே போகாதீங்க. சிட்டு பறந்துச்சுன்னு சேதி கொண்டுவர்ற மூஞ்சியா இது?"

வாசலிலேயே நிறுத்தி, அடிக்குரலில் பாடம் நடத்தினார் அந்த வீட்டு அம்மா. கையில் சவரப் பெட்டியோடு சலூன்காரர் தலையை ஆட்டினார். நெஞ்சு வலி வந்து படுத்துவிட்ட ஐயாவுக்கு வீட்டிலேயே சவரம் செய்ய அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த இடத்தில் இப்படிப் பரீட்சை வைப்பார்கள் என்று அவர் கனவா கண்டார்?

"ஐம்பத்திரெண்டாவது தடவை. இருநூறு மீட்டர். பள்ளத்தோட ஓரம் வரைக்கும் போயி, அலுங்காம இறங்கிடுச்சு. எங்கே, திருப்பிச் சொல்லுங்க?"

சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு வந்தது.

சிட்டைத் தெரியாதவர் உண்டா? செவ்வாய்க் கிரகத்துக்குப் போன குட்டி ஹெலிகாப்டர் அது. மொத்தமே ஒரு கூடை அளவுதான் இருக்கும். ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பி வைத்தார்கள். அதுவோ நாற்பது தடவை பறந்து ஊர் உலகத்தையே மயக்கிப் போட்டுவிட்டது. டிவியில் சிட்டு வந்தால் சலூனில் கத்தரிக்கோல் தானாக நின்றுவிடும். தெருப் பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு ஓடினால் அது சிட்டு விளையாட்டு. அப்பேர்ப்பட்ட சிட்டின் இறக்கைகளைப் பட்டறையில் இழைத்து, எடை பார்த்து, ஜோடி சேர்த்தவர் இந்த ஐயா. அதனாலேயே சலூனில் அவருக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது, நேரே நாற்காலிதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் அந்தச் செய்தி வந்தது. நாற்பத்தோராவது தடவை இறங்கும்போது சிட்டு சாய்ந்து, இறக்கை ஒடிந்துவிட்டது. இனி எழும்பாது. பாதிக் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் ஓவென்று அழுதார். சலூன்காரரும்தான் அழுதார், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

"அன்னிக்குக் காலையிலதான் இவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார்" என்றார் அம்மா. "நல்லவேளை, சேதி வந்தப்ப ஆஸ்பத்திரியில மயக்கமா கெடந்தார். அதிர்ச்சியா எதுவும் காதுல விழக்கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். டிவி ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்கேன். பேப்பரை நிறுத்தியாச்சு. வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள் நானே சிட்டைப் பறக்கவிடுறேன். மத்த நாள்ல படம் எடுக்கவிடுறேன்."

"இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படிம்மா?"

"நூலகத்துல மூணு புத்தகம் எடுத்துப் படிச்சேன். பொய் சொல்றதுன்னா சும்மாவா தம்பி?"

உள்ளே ஐயா தலையணையில் சாய்ந்திருந்தார். இளைத்துப்போன முகத்தில் தாடி புதராக மண்டியிருந்தது.

"வாப்பா, வா! கடையில என்ன பேச்சு? சிட்டு எப்படி இருக்கு?"

சலூன்காரர் அவசரமாக நுரையைக் குழைத்தார். "அதுக்கென்னங்கய்யா, ஜம்முனு இருக்கு! ஐம்பத்திரெண்டாவது மீட்டர்... இல்ல, தடவை. நல்ல காத்து வேற. சும்மா ஜிவ்வுனு தூக்கிட்டுப் போயிடுச்சு!"

"காத்தா? அங்கே காத்து பேருக்குத்தானேப்பா இருக்கு. அதனாலதானே இறக்கை அந்தச் சுத்து சுத்துது?"

சலூன்காரருக்குக் குப்பென்று வியர்த்தது. அம்மா ஓடிவந்து முக்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலை ஒட்டி உட்கார்ந்தார்.

"அவருக்கென்னங்க தெரியும்? எங்கிட்ட கேளுங்க. ரெண்டு நாளா அங்கே ஒரே தூசி. சிட்டு வெயில்ல காய்ஞ்சு பேட்டரியை ஏத்திக்கிட்டு, அப்புறம்தான் கிளம்புச்சு."

"அப்படியா! இறக்கை நிமிஷத்துக்கு எத்தனை சுத்து?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு. ஒண்ணு இந்தப் பக்கம் சுத்தும், இன்னொண்ணு அந்தப் பக்கம் சுத்தும். இல்லேன்னா உடம்பே பம்பரமாட்டம் சுத்திடும்."

"சபாஷ்!" என்றார் ஐயா. அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வரவே, "ஐயையோ!" என்று எழுந்து ஓடினார்.

சலூன்காரர் தனியாக மாட்டிக்கொண்டார். கத்தியைக் கன்னத்தில் வைத்தார். ஐயா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கை நடுங்குதேப்பா. கத்தி பிடிக்கிறவன் பொய் சொல்லலாமா?"

சலூன்காரருக்கு உயிரே போய்விட்டது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? "ஐயா, பதறாதீங்க. அது வந்து..."

"நான் எதுக்குப் பதறணும்? சிட்டு ஒடிஞ்சதைப் பட்டறைக் கூட்டாளி அன்னிக்குக் காலையிலேயே போன்ல சொல்லிட்டான். அதைக் கேட்டுத்தானே எனக்கு நெஞ்சு வலியே வந்துச்சு!"

சலூன்காரர் வாயைப் பிளந்தார். "அப்போ அம்மாகிட்ட சொல்லிடலாமேங்கய்யா? பாவம், தினம் தினம் கஷ்டப்பட்டுப் படிச்சு..."

"மூச்சு விட்டுடாதே!" ஐயா சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பட்டறைப் பேச்சை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்கன்னு முப்பத்தெட்டு வருஷமா சொன்னவ, இப்பதான் பக்கத்துல உக்காந்து என் இறக்கையைப் பத்திப் பேசுறா. அடுத்து எங்கே பறக்கவிடப் போறாளோன்னு கேக்கத்தாம்ப்பா நான் காலையில கண்ணே முழிக்கிறேன்!"