ரயில் ஊதும் இடம்

வில்லியனூர் வயல்காட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது காசம்மாளின் புருஷன் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான். காரியம் முடிந்த மறுநாள் பிரெஞ்சு துரை ஒருவர் மொழிபெயர்க்க ஒரு துபாஷியோடு அந்த இடத்துக்கே விசாரணைக்கு வந்தார்.

"ரயில் வர்றப்ப வழிய மறிக்க இங்க ஒரு சங்கிலி போட்டு ஆள் நிறுத்தச் சொல்லுங்க சாமி. எம்பொண்ணு தெனம் இந்த வழியாத்தான் களையெடுக்கப் போவுது," என்றாள் காசம்மாள்.

துபாஷி அதைக் காதில் வாங்கவில்லை. "ரயில் வந்த சத்தம் உம் புருசனுக்குக் கேட்டுதான்னு முசே தொரை கேக்குறாரு."

"கேக்கலிங்க. அவருக்கு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

துரை எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் உத்தரவு வந்தது. அந்த இடத்தில் எல்லா ரயிலும் நெடுக ஊத வேண்டும். ஊரே துரையை வாழ்த்தியது. அதன்பிறகு அங்கே யாரும் அடிபடவில்லை. வருஷங்கள் போயும் உத்தரவு மாறவில்லை.

ஊதல் கேட்டால் காசம்மாள் மட்டும் கைவேலையைப் போட்டுவிட்டுத் தண்டவாளத்துக்கு ஓடுவாள். லைன் வேலைக்குப் புதிதாக வந்தவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"ஊருக்கே கேக்குற மாதிரி ஊதுது. நீ இன்னாத்துக்குமா ஓடியாற?"

காசம்மாள் மகளின் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். ரயில் கடந்து போனது.

"இவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காதுபா," என்றாள். "இவ அப்பாவுக்கும்தான்."