ஹியூவின் முழங்கால்

மனைவி எஃபியின் தோளைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்து, மேஜைக்கு முன்னால் சரிந்து உட்கார்ந்தான் ஹியூ.

"போன வருஷம் நல்லாத்தானேய்யா இருந்தே?" என்றார் அதிகாரி பிரிங்கிள்.

"இப்ப முழங்கால் போச்சுங்க. மாடி ஏறினாலே மூச்சு வாங்குது."

"மூணு மாசமா படுத்த படுக்கைங்கய்யா," என்று எஃபி கண்ணைத் துடைத்தாள். "பார்த்துக் கூட்டிக் குடுங்க."

"சரி, பத்து எழுதிக்கிறேன்."

"பன்னெண்டாக் குடுங்க, புண்ணியமாப் போகும்," என்று இருமினான் ஹியூ.

பிரிங்கிள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அடடா, உங்க வீட்டுப் பக்கம் போற லீத் டிராம் கிளம்பிடுச்சே! அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்."

எஃபி திரும்புவதற்குள் நாற்காலி காலி. இரண்டு மாடி இறங்கி, தெருவைத் தாண்டி, ஓடும் டிராமில் தொற்றிக்கொண்டிருந்தான் ஹியூ.

பிரிங்கிள் மேஜைக்கடியில் மறைத்து வைத்திருந்த ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். எடின்பரோ புத்தாண்டு ஓட்டப் பந்தயத்தில், நோஞ்சான் ஓட்டக்காரர்கள் எத்தனை கெஜம் முன்னால் நின்று கிளம்பலாம் என்று தீர்மானிப்பவர் அவர். பத்தை அடித்துவிட்டுச் சைபர் போட்டார்.

"போன வருஷத்தைவிட வேகமா ஓடுறாம்மா உன் புருஷன்."



"அப்போ மூணு மாசமா என்னை நிலக்கரி மூட்டை தூக்க வெச்சது?" என்ற எஃபி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேட்டாள்: "ஐயா, அந்த டிராம் அடுத்து எங்கே நிக்கும்?"