மேல் கல்லுக்கட்டு

கண்டி நகரத்து மாடியறை ஒன்றில், பயண முகவர் ரிஸ்மி கணினித் திரையை எதிரே இருக்கும் தாய், மகள் பக்கமாகத் திருப்பி வைக்கிறான். மழை விட்டு அடிக்கிற வெயில் ஜன்னலால் வந்து திரையில் விழுகிறது. அதில் பெரு நாட்டின் மச்சுபிச்சு மலை, மலைமேல் இரண்டு கோடுகள். "இது ராஜாட மாளிகைக்குள்ளால போற வழி, மிஸ். மற்றது மேல் கல்லுக்கட்டு வழி. நிறையப் படி ஏறணும், மாளிகைக்கு இறங்க ஏலாது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வழிதான்." அவன் கேட்பது மகள் நிரோஷாவிடம். "மாளிகையே போடுங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி," என்கிறாள் அவள்.

கலஹா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்தெடுத்த தாய் தவமணி, ஈரக் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை முன்னே இழுக்கிறாள். அவள் கண் மாளிகையில் இல்லை, மலையைத் தட்டுத்தட்டாகத் தாங்கி நிற்கும் கல்வரிசைகளில் இருக்கிறது. "இந்தக் கல்லெல்லாம் சுமந்தவங்க எங்க குடியிருந்தாங்க, தம்பி?" ரிஸ்மி மௌஸை உருட்டிப் பார்க்கிறான். "அது இதில போடல்ல." நிரோஷா தாயின் கையைத் தொடுகிறாள். "அவ்வளவு தூரம் போயி மாளிகையப் பாக்காம வர்றதாம்மா?" "தொர பங்களாவுல ஆறு வருசம் தரை தொடச்சிருக்கேன். மாளிகை பாத்தாச்சு." கொழுந்துக் கறை போகாத விரல் மேல்கோட்டில் போய் நிற்கிறது. "இதப் போடுங்க." ரிஸ்மி மறுபடியும் மகளின் முகத்தையே பார்க்கிறான். "முழங்கால்..." "கூடையோட ஏறுனப்ப ஒருத்தரும் முழங்காலக் கேக்கல, தம்பி," என்கிறாள் தவமணி. அவன் அந்தக் கோட்டை அழுத்தும்வரை விரலை எடுக்காமல் இருக்கிறாள்.