சூப்பில் கலந்த பொடி

மருத்துவமனை ஜன்னல் வழியாகக் காலை வெயில் மாமனாரின் கட்டிலில் விழுகிறது. பாதி திறந்திருக்கும் அவருடைய கண்களின் மஞ்சள் அந்த வெளிச்சத்தில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும் ரத்தத்தையே மருமகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். புரதப் பொடி ஆலையில் பாக்கெட் போடுகிறவள் அவள். சட்டைக் கையின் மடிப்பில் வெளிர்மஞ்சள் மாவு இன்னும் ஒட்டியிருக்கிறது. "சிலருக்கு ஃபாவா பீன்ஸ், மொச்சை மாதிரி ஒரு பயறு, ஒத்துக்காது, ரத்த அணுக்களே உடைஞ்சிடும். அந்த மாதிரி ஏதாவது சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்கிறார். "பீன்ஸை அவர் தொடவே மாட்டாருங்க. இவதான் பெத்த அப்பா மாதிரி பார்த்துப் பார்த்துச் சமைக்கிறா," என்கிறான் கணவன். கட்டில் கம்பியைப் பற்றியிருக்கும் அவளுடைய விரல்கள் வெளுக்கின்றன. "எங்க ஆலையில போடறது ஃபாவா பீன்ஸ் பொடிதான் டாக்டர். உடம்பு தேறட்டும்னு நாலு நாளா சூப்ல கலந்தேன். பொடின்னா குடிக்க மாட்டாருன்னு யார்கிட்டயும் சொல்லல." கணவன் அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். டாக்டரின் பேனா காகிதத்தில் ஓடுகிறது. மாமனாரின் உலர்ந்த உதடுகள் மெல்ல அசைகின்றன. "மொத நாளே தெரியும்மா. நீ ஆசையா கலக்கறியேன்னுதான் மிச்சம் வைக்காம குடிச்சேன்."