வலப்பக்கத் தட்டு

அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல, வலப்பக்கத் தட்டுக்குக் கொண்டுபோனாள்.

கை வந்தது. விரல்கள் படத்தை விடவில்லை.

தரையில் இரண்டு எவர்சில்வர் தட்டுகள். இடப்பக்கத் தட்டில் வீட்டு ஆண்களின் போட்டோக்கள்: அப்பா, பெரியப்பா, மாமா. வலப்பக்கத்தில் அம்மா, பெரியம்மா, அத்தை. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஓரம் பார்த்து அடுக்கியிருந்தது.

மிச்சம் நித்திலாவின் படம் மட்டும். பதினைந்து வயது, பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை.

அதை நித்திலா அப்பாவின் பக்கத்தில் வைப்பாள். முப்பத்தெட்டு நாளாக அங்கேதான் வைக்கிறாள்.

நோட்டில் முப்பத்தெட்டு பெருக்கல் குறிகள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வருவதுதான், பழக்கினால் போய்விடும் என்று பயிற்சி மையத்து ஜெசிந்தா மிஸ் சொல்லியிருந்தார். தப்பாக வைத்தால் திட்டக் கூடாது. கையைப் பிடித்துச் சரியான தட்டில் வைக்க வேண்டும். தானாகச் சரியாக வைத்தால், உடனே ஒரு கடலை மிட்டாய்.

குழப்பம் என்ற அந்த வார்த்தையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. இருநூறு பேர் கூடிய கல்யாண வீட்டில், வயது நாற்பத்தெட்டு என்ற அத்தையை ஐம்பத்துமூன்று என்று திருத்திய பிள்ளை இது. அத்தை இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருமுறை கணக்குப் போடும்போது இவளே ஏதோ நினைவில் தப்பான விடைக்கு மிட்டாய் கொடுத்துவிட, நித்திலா அதைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். தப்புக்கு மிட்டாய் கிடையாது. விதி என்றால் விதி.

ஆனால் பேருந்து நிலையத்தை மறக்க முடியுமா?

நித்திலா நேராக ஆண்கள் கழிப்பறைக்குள் போய்விட்டாள். உள்ளே சிரிப்பு. எவனோ விசில் அடித்தான். அவள் செருப்பு அறுந்தது தெரியாமல் ஓடி, உள்ளே நுழைந்து, இழுத்துவந்தாள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. இதுதான் என் பக்கம். இதுதான் என் பக்கம்.

தான் இல்லாத ஒரு நாளில் இப்படி நடந்தால்? மறுநாளே தட்டுகளை எடுத்து வைத்தாள்.

இன்று முப்பத்தொன்பதாவது நாள்.

மூன்று முறை கையைப் பிடித்து வைத்தாயிற்று. மறுபடி வை என்று படத்தை நீட்டினாள். இத்தனை நாள் அடக்கியது அத்தனையும் கண்ணில் வந்து நின்றது.

நித்திலா படத்தை வாங்கினாள். இடப்பக்கத் தட்டைப் பார்த்தாள்.

பிறகு நிமிர்ந்து அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

பதினைந்து வருஷம் அவள் தவம் கிடந்த பார்வை. எந்த டாக்டரும் எந்தச் சாமியும் வாங்கித் தராத பார்வை. நேருக்கு நேர். வாத்தியார் முகத்தில் விடை தேடும் பிள்ளையைப் போல நித்திலா அங்கே எதையோ தேடினாள்.

கிடைத்திருக்க வேண்டும்.

கை வலப்பக்கம் போனது. அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் தன் படத்தை வைத்தது. யாரும் பிடிக்கவில்லை.

அவள் அவசர அவசரமாக நோட்டில் டிக் அடித்தாள். கட்டிக்கொள்ளத் தோன்றியது. தொட்டால் பிள்ளைக்குப் பிடிக்காது என்று அடக்கிக்கொண்டாள். என் தங்கமே என்று சொல்லி மிட்டாயை உள்ளங்கையில் வைத்தாள்.

நித்திலா மிட்டாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

டப்பாவைத் திறந்தாள். மிட்டாயை உள்ளே போட்டாள். மூடியை இறுக்கித் திருகினாள்.

பிறகு தட்டுகளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நாளைக்கும் இங்கதான் வைக்கணுமாம்மா?"

பேனா இன்னும் திறந்தபடி அவள் கையில் இருந்தது.