முனியாண்டிக்குப் படைத்த சோறு

"முனியாண்டி சாமிக்குப் படைச்ச சோறுங்க சார்," என்றாள் ரஞ்சிதம் மறுபடியும். காட்டோரத்தில் போலீஸ் எடுத்த இலைப் பொட்டலம் எஸ்டேட் ஆபீஸ் மேசைமேல் விரிந்து கிடந்தது. சோறு, கருவாடு, ஒரு சுருட்டு.

எதிரே மலாய் இன்ஸ்பெக்டர். நடுவில் மொழிபெயர்ப்பாளர் ராஜநாயகம். அவர் பேரைக் கேட்டாலே தொழிலாளர் லயத்தில் பேச்சு நின்றுவிடும். நம் ஆள் சொன்னதை மலாயில் மாற்றிச் சொல்லி, போன மாதம் கந்தசாமியை உள்ளே தள்ளிய புண்ணியவான் அவர்தான்.

காட்டுக்குள் துப்பாக்கியோடு திரியும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறு வைத்தாலும் ஜெயில். அந்தக் கூட்டத்தில் ரஞ்சிதத்தின் மகன் செல்லையாவும் இருந்தான், கடும் காய்ச்சலோடு. முந்தாநாள் வைத்த பொட்டலமாவது அவனிடம் போய்ச் சேர்ந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் சோற்றைக் கிளறினார். வெள்ளையாக இரண்டு மாத்திரைகள் தலைகாட்டின. இது என்ன என்று மலாயில் உறுமினார்.

செல்லையாவின் காய்ச்சலுக்கு ரஞ்சிதம் ஒளித்து வைத்தவை; முந்தாநாளும் இப்படித்தான் வைத்திருந்தாள்.

"ஏம்மா, ஒங்க சாமிக்கு ஒடம்பு சரியில்லையா?" ராஜநாயகம் தமிழில் கேட்டார். அவர் திரும்பி மலாயில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் 'காப்பூர்' என்ற சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. கற்பூரம்!

சாமி காரியம் என்றதும் இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். போகச் சொல்லிச் சைகை காட்டினார்.

தேயிலைச் சரிவில் பாதி தூரம் இறங்கியிருப்பாள். பின்னால் பூட்ஸ் சத்தம்.

"கொஞ்சம் நில்லுங்க லா!"

ராஜநாயகம். மாத்திரையைக் கற்பூரமாக்கியவன் சும்மா விடுவானா? எதையோ பிடுங்கத்தான் வருகிறான்.

"கந்தசாமி பேச்சையும் இப்பிடித்தான் மாத்துனீங்களா?" அவள் திரும்பி நின்று கேட்டாள்.

"ஆமா. சோறு வைக்கிறது ரஞ்சிதம்னு சொன்னான். 'நாந்தான் வைக்கிறேன்'னு சொல்றான்னு மலாயில மாத்திட்டேன்."

கந்தசாமியின் கைக்குழந்தை அவள் கண்முன் வந்து நின்றது. காட்டிக்கொடுத்தவன்தான், ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது.

"எனக்காக எதுக்கு சார் இந்தப் பாவம்? யாரு சார் நீங்க?"

ராஜநாயகம் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாமிக்குக் காய்ச்சல் விட்டுருச்சுக்கா."