மீனுக்கு மூட்டிய நெருப்பு

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து தலைமுழுகிய ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் ரெங்கராஜ் குமுட்டி அடுப்பைப் பற்றவைத்துவிட்டான்.

கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் மறுநாள் பால் தெளிக்கும்வரை நெருப்பு மூட்டக்கூடாது. வெளியிலிருந்து வரும் சோறுதான். இது தெரியாதவன் புதுக்கோட்டையில் இருக்கிறானா என்ன?

"ஏண்டா, காப்பித்தண்ணி வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?" என்று எழுந்தாள் பிரகதாம்பாள். அவனுடைய அக்கா. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். சாத்திர சம்பிரதாயத்தில் இம்மி பிசகினாலும் விடமாட்டாள். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும்.

"காப்பிக்கு இல்லக்கா. மீனுக்கு."

"எதுக்கு?"

"மீனுக்குத்தான். விடியக்காலம் அணைஞ்ச கணப்பு, அடியில மிஞ்சுன கரியத்தான் மூட்டுறேன். தண்ணி சில்லிட்டுப் போச்சு."

கூடத்து மூலையில் சொர்ணவல்லி சுவரில் சாய்ந்து கிடந்தாள். பெற்றவள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதால் தேவலை என்று எல்லாருமே சொல்லிப் பார்த்தாயிற்று.

அந்த மீன் தொட்டி வந்த கதை ஊருக்கே தெரியும். ரெங்கராஜ் பஸ் கம்பெனி குமாஸ்தா. திருச்சியில் ஒரு ரயில்வே துரை சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனதை, இப்போது போய்விட்ட மகள் செவந்திக்காக வாங்கிவந்தான். கண்ணாடித் தொட்டி, தகர அடி, உள்ளே கறுப்புக் கோடு போட்ட இரண்டு சின்ன மீன்கள். தண்ணீர் குளிர்ந்தால் அவை பிழைக்காது என்று துரை சொல்லியிருந்தாராம்.

தண்ணீருக்குள் வைக்கத் துரை கொடுத்த கரண்டுக் குழாய் நன்றாகத்தான் சுட்டது. ஆனால் ஊரில் கரண்டு போகும் போதெல்லாம் அதுவும் படுத்துவிட்டது. பிறகு ஒருநாள் குழாயின் கண்ணாடி விரிசல் விட்டு அதன் கதையும் முடிந்தது. மண்ணெண்ணெய் விளக்கை அடியில் வைத்துப் பார்த்தான். புகைதான் மிச்சம், ரேஷன் எண்ணெயும் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் நம்பகமாக நின்றது குமுட்டிதான். கரியைக் கனியவிட்டு, மேலே சாம்பலைப் போட்டுத் தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டால் ராத்திரி முழுக்க இதமாகச் சூடு இருக்கும்.

பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் முணுமுணுத்தாள்: "பெத்த புள்ள குளிர்காச்சல்ல வெறைச்சுப் போயிக் கெடந்துச்சு. மீனுக்குக் குளுருதாமுல்ல!"

பிரகதாம்பாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முற்றத்து வாளியைத் தூக்கிவந்து குமுட்டியின் தலையில் கவிழ்த்தாள். குப்பென்று ஆவி கிளம்பிக் கூடமெல்லாம் சாம்பல் பறந்தது.

"ஒனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்காடா? எம் மருமகளக் குழியில வச்சுட்டு வந்த கையி, அதுக்குள்ள மீனுக்குத் தீ மூட்டுதா?"

ரெங்கராஜ் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டான். அந்தக் கையில் என்ன சூடு இருந்துவிடப்போகிறது? பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் சொர்ணவல்லி வாய் திறந்தாள்.

"மதினி, அவுகள வையாதீங்க."

"வையாம? கொஞ்சச் சொல்றியா?"

"வீட்டுல இருந்தது ஒரு குமுட்டிக் கரிதான் மதினி. சீமையில சண்டை வந்ததுலேருந்து பெட்ரோலு இல்லாம, கரியெல்லாம் பஸ்ஸு ஓட்டப் போயிருது, காசு குடுத்தாலும் கெடைக்கல. புள்ளைக்குக் குளுரு தூக்கிப்போட்டுச்சு. அவுக ஓடிப்போயி மீனுக்கு அடியில இருந்த குமுட்டிய எடுத்தாந்து கட்டிலுக்குக் கீழ வச்சாக. கொஞ்சம் கண்ணசந்துட்டோம். முழிச்சுப் பாத்தா குமுட்டி மறுபடி அங்கிட்டு இருக்கு. செவந்தி தரையோட தவந்து போயித் தள்ளிவச்சுட்டு வந்து படுத்திருக்கா. 'ஏண்டி இப்படிச் செஞ்சே'ன்னு கேட்டேன். 'எனக்குப் போர்வை இருக்கும்மா, அதுகளுக்கு என்ன இருக்கு'ன்னா மதினி! அதுக்கப்பறம் அவ பேசவே இல்ல."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அடைத்துக்கிடந்த அழுகை. கூடமே சேர்ந்து அழுதது. வாயை விட்ட முத்துமாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரகதாம்பாள் மட்டும் அழவில்லை. யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

"போறதப் பாரு. அது மனுசியா, கல்லா?" என்றது ஒரு குரல்.

விளக்கு வைக்கும் நேரம் மார்கழிக் குளிர் வீட்டுக்குள் இறங்கத் தொடங்கியது. வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிரகதாம்பாள்தான். இடுப்பில் ஒரு பித்தளைக் குடம், அதன் வாயைத் துணி சுற்றிக் கட்டியிருந்தாள்.

தொட்டியிலிருந்து இரண்டு செம்பு பச்சைத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். குடத்து வெந்நீரைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி முழங்கையை நனைத்து நனைத்துப் பார்த்து விளாவினாள். ஒரு மீன் ஓரத்தில் மல்லாந்து கிடந்தது. சொர்ணவல்லி எழுந்து வருவதற்குள் அதை விரலால் எடுத்து முந்தானைக்குள் முடிந்துகொண்டாள். இன்னொன்று மெதுவாக வாலை அசைத்தது.

ரெங்கராஜ் அக்காவின் முகத்தையே பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"சாவு வீட்டுலதானடா நெருப்பு ஆகாது? எங்க வீட்டு அடுப்புல வெந்நீ கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. பால் தெளிக்கிற மட்டும் கொடங்கொடமாச் சொமந்து ஊத்துறேன். எம் மருமக மீனுக்கு வச்ச நெருப்பை நாந்தான அணைச்சேன்!"